முதலில் பெயின்டைச் சுரண்டாதீர்கள்

பெங்களூர் ஹலசூரிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா கோலார் தங்கவயலில் ஃபிட்டராக இருந்தவர். சுரங்கம் கைமாறிய காலத்தில் ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் பந்தய சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். சக்கரங்கள் எங்கோ போய்விட்டன. ஃபிரேமும் ஃபோர்க்கும், பெடல் மாட்டும் கையான கிராங்கும் மாடி அறையில் இருக்கின்றன. பெயர்ப்பட்டை இல்லை, மேலே அடர்சிவப்பு பெயின்ட். “ஒலிம்பிக்கில் ஓடிய வண்டி” என்று தாத்தா சொல்வாராம். இதைச் செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா, பீன்யா தொழிற்பேட்டையில் கொடுத்து மஞ்சள் நிறத்தில் பவுடர் கோட்டிங் (பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கும் பூச்சு) போடலாமா, மறுபடியும் ஓட்ட முடியுமா என்பவை கேள்விகள். நான்கு படங்களும் அனுப்பியிருக்கிறார்.

தம்பி, நடுக்கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பவுடர் கோட்டிங் வேண்டாம். குறைந்தது இப்போதைக்கு வேண்டாம்.

நான் இதைப் பட்டறிந்து சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் சிவாஜிநகரில் ஒரு பழைய இரும்புக் கடையில், கன்னடத்தில் ‘குஜரி’ என்பார்களே, அங்கே தண்ணீர்க் குழாய்களோடு குழாயாக ஒரு ஃபிரேம் கிடந்தது. ஒரு கையில் தூக்கியதுமே தெரிந்துவிட்டது, அது நம் ஊர் வண்டி இல்லை என்று. ஆர்வம் தாங்கவில்லை. மறுநாளே ஒரு பட்டறையில் கொடுத்தேன். மணல் பீய்ச்சி, வெள்ளி போலத் தேய்த்து, மஞ்சள் பூசி, மூன்றாம் நாள் திருப்பித் தந்தார்கள். பாட்டம் பிராக்கெட்டின், அதாவது பெடல் அச்சு சுழலும் கூட்டின், அடியில் லேசாக அடித்திருந்த எண்ணில் ஒரு ‘3’ மட்டும் பாதி மிஞ்சியது. முன்னாலிருந்து பெடல் பக்கம் இறங்கும் சாய்குழாயில் பெயின்டுக்கு அடியில் ஏதோ எழுத்துகளின் மேடு இருந்ததாக ஞாபகம், ஒரு படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த ஃபிரேம் இன்றும் என் வீட்டுச் சுவரில், பெயரில்லாமல், பளபளவென்று தொங்குகிறது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது. கேட் கம்பிக்கும் சைக்கிளுக்கும் அவரிடம் ஒரே மணல், ஒரே அழுத்தம். கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

எண் அழிந்தது மட்டும் நஷ்டமல்ல. நல்ல பந்தய ஃபிரேமின் குழாய் இரு முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். முனையில் 0.9 மில்லிமீட்டர் என்றால் நடுவில் 0.6 அளவில்தான் உலோகம். இப்படிக் குழாய் இழுக்கும் முறைக்கு பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஆல்ஃபிரட் ரெனால்ட்ஸ் 1897இல் காப்புரிமை பெற்றார். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, தடிமன் மாறுவதெல்லாம் உள்பக்கம். அந்த மெல்லிய நடுப்பகுதியில் முரட்டு மணலைப் பீய்ச்சுவது, பட்டுப் புடவையைத் துவைகல்லில் அடிப்பது போன்றது.

இப்போது உங்கள் ஃபிரேமுக்கு வருவோம். தேவையானவை பழைய டூத் பிரஷ், மண்ணெண்ணெய், துணி, ஒரு வெர்னியர் காலிபர், பென்சில், மெல்லிய காகிதம். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் சாதாரண காலிபரே போதும். ஃபிரேமைத் தலைகீழாக வைத்து, பாட்டம் பிராக்கெட்டின் அடியில் படிந்திருக்கும் கிரீஸ் மண்ணை ஊறவைத்து எடுங்கள். கம்பி பிரஷ் கூடாது. எண் தெரிந்ததும், பள்ளிக்கூடத்தில் காசின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி ஒரு பிரதி எடுங்கள். படத்தில் 3ஆ 8ஆ என்று குழப்பும் எண், தேய்த்த காகிதத்தில் தெளிவாக வரும். அடியில் இல்லாவிட்டால் இடப்பக்கப் பின் அச்சுப் பிளவின் மேல், அதாவது பின்சக்கர அச்சு உட்காரும் பிளவின் மேல், பாருங்கள். பிறகு ஃபோர்க்கைக் கழற்றி அதன் தண்டைப் பாருங்கள். பல பிரிட்டிஷ் பட்டறைகள் ஃபிரேம் எண்ணை ஃபோர்க் தண்டிலும் அடித்தன. இரண்டும் ஒன்றாக இருந்தால், ஃபோர்க் பிறந்ததிலிருந்து இந்த ஃபிரேமோடுதான் இருக்கிறது என்று அர்த்தம். அது சின்ன விஷயமல்ல. விபத்தில் முதலில் போவது ஃபோர்க்தான், எழுபது வருடம் அது மாறாமல் இருப்பது அபூர்வம்.

எண்ணை வைத்து உடனே ஆண்டு சொல்லிவிடலாம் என்று நினைக்காதீர்கள். சில பட்டறைகள் எண்ணுக்குள்ளேயே ஆண்டை வைத்தன, சில வரிசையாக ஓட்டின, சில தோன்றியபடி அடித்தன. இத்தாலியக் கைவினைஞர்களில் பலர் எண்ணே போடவில்லை, ஃபிரேமின் அளவை மட்டும் அடித்துவிட்டுப் போனார்கள். ஆகவே எண்ணுக்கு முன் நாட்டைத் தீர்மானிக்க வேண்டும். நாட்டைக் காட்டிக்கொடுப்பது மரை.

பாட்டம் பிராக்கெட்டின் மரை பிரிட்டிஷ் என்றால் 1.37 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, கூட்டின் அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டர். செயின் பக்கத்துக் கப்புக்கு, அதாவது பேரிங்கைத் தாங்கும் கிண்ணத்துக்கு, இடது மரை, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகுவது. இத்தாலியம் என்றால் 36 மில்லிமீட்டர், அதே 24 மரை, அகலம் 70, இரு பக்கமும் வலது மரை. பிரெஞ்சு என்றால் 35 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1 மில்லிமீட்டர், அதிலும் இரு பக்கமும் வலது மரைதான். பிரிட்டனின் ராலே நிறுவனம் மட்டும் தன் ஆலைக்கென்று அங்குலத்துக்கு 26 மரை வைத்துக்கொண்டு பிற்காலத்து மெக்கானிக்குகளின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டது.

இதில்தான் நிறைய ஃபிரேம்கள் பாழாகின்றன. செயின் பக்கத்துக் கப் பல பத்தாண்டுகளாக இறுகியிருக்கும். தெருமுனை மெக்கானிக் வழக்கம்போல இடப்புறமாகத் திருப்புவார். பிரிட்டிஷ் மரையில் அது இன்னும் இறுகும். ஸ்பேனர் வழுக்கும், அடுத்தது சுத்தியலும் உளியும். அதற்கு முன் இப்படிச் செய்து பாருங்கள். அச்சை எடுத்த பிறகு கப்பின் துளை வழியாக ஒரு தடித்த போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, இரு பக்கமும் வாஷர்கள் வைத்து, உள்ளே நட்டைப் போட்டு, கப்பை நடுவில் வைத்து நன்றாக நெரியுங்கள். பிறகு போல்ட்டின் தலையை நீண்ட ஸ்பேனரால் கடிகார முள் திசையில் திருப்புங்கள். போல்ட் இறுக இறுக, இடது மரைக் கப் கழன்று வரும். முதல் அசைவில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அதைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் சுகம் தெரியும். ஏற்கெனவே இத்தாலிய மரை என்று தெரிந்திருந்தால் இந்தத் தந்திரம் செல்லாது, திசை நேர்மாறு.

உங்கள் படங்களில் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். வலப்பக்க ஃபோர்க் கையில் விளக்கு மாட்டும் சிறு குமிழ் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. பாட்டம் பிராக்கெட்டில் எண்ணெய் விடும் துளை இருக்கிறது. செயின் பக்கத்துப் பின்குழாயின் அடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு திருகு மேடு. பின் அச்சுப் பிளவில் டிரெய்லர் தொங்கவிடும் காது இல்லை. டிரெய்லர் என்று நம் கடைகளில் சொல்வது கியர் மாற்றும் டிரெய்லியரைத்தான். அந்தத் திருகு மேட்டைப் பார்த்ததும் எனக்கு உறக்கம் போய்விட்டது. பர்மிங்ஹாமின் சைக்லோ கியர் அங்கேதான் உட்காரும். பின்னாளில் இத்தாலியின் காம்பக்னோலோ வகைக் கியர்கள் எல்லாம் அச்சுப் பிளவின் காதில் தொங்க ஆரம்பித்ததும் இந்த மேட்டுக்கு வேலை போய்விட்டது. நான்கையும் சேர்த்துப் பார்த்தால், 1930களின் பிற்பகுதிக்கும் 1950களின் முற்பகுதிக்கும் இடைப்பட்ட பிரிட்டிஷ் கிளப் சைக்கிள். தண்ணீர்ப் புட்டி மாட்டும் திருகுகளோ, மேல்குழாயில் பிரேக் கேபிள் வளையங்களோ ஒட்டவைக்கப்படாததும் இதற்கு ஒத்துப்போகிறது. அந்தக் காலத்தில் அவற்றையெல்லாம் கிளிப் போட்டுத்தான் பிடித்தார்கள்.

பின் அச்சுப் பிளவுகளின் உள்பக்க இடைவெளியை அளந்து எழுதுங்கள். 114 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு என்றால் என் ஊகம் வலுப்படும். 120 என்பது பின்னால் ஐந்து பல்சக்கரம் அடுக்கிய காலம், 126 ஆறேழு பல்சக்கரம், 130 அதற்குப் பிந்தையது. யாரேனும் இடையில் நெம்பி அகலப்படுத்தியிருக்கவும் கூடும், எஃகு அதற்கு வளைந்துகொடுக்கும். ஆகையால் இந்த அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இருக்கைத் தண்டின் விட்டமும் முக்கியம். முனை தடித்த ரெனால்ட்ஸ் 531 குழாய் என்றால் வழக்கமாக 27.2 மில்லிமீட்டர் தண்டு ஏறும். 26.4, 26.6 என்று வந்தால் தடித்த, மலிவான குழாயாக இருக்கலாம், அல்லது யாரோ பிடிபோல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கிக் குழாயின் வாயை நெரித்திருக்கலாம். பிளவுக்குக் கீழே விட்டு அளந்தால் உண்மை தெரியும்.

531 என்றதும் பலர் அதை ஒரு பிராண்ட் என்று நினைக்கிறார்கள். அது குழாயின் பெயர். 1935இல் வந்த மாங்கனீசு-மாலிப்டினம் எஃகு. கலந்த பொருள்களின் விகிதம் 5:3:1 என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். இருக்கைக்குழாயில் ஒட்டும் சிறு லேபிளைப் படிக்கும்போது எண்ணோடு நிறுத்திவிடாமல் அதன் கீழே பொடி எழுத்தில் உள்ளதையும் படிக்க வேண்டும். மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டுமா, ஃபோர்க்கும் பின்குழாய்களும் சேர்ந்தா என்று அங்கே எழுதியிருப்பார்கள். நமக்கு இதில் ஒரு பங்காளி உறவும் உண்டு. ரெனால்ட்ஸ் எந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்ததோ, அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949இல் சென்னையில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸில் நம் அப்பாக்கள் பால் கேன் கட்டிக்கொண்டு போனார்கள். அதே தாயின் இன்னொரு பிள்ளை பந்தயத்துக்குப் போயிற்று.

குழாய்கள் கூடும் இடத்தில் பூவேலை செய்த உறைகள் இருக்கின்றனவே, லக் என்பார்கள், அவற்றைக் கண்டு மயங்காதீர்கள். நெர்வெக்ஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் அச்சில் அழுத்திய அழகான லக்குகளை விற்றது, ஆளாளுக்கு வாங்கிப் பொருத்தினார்கள். அதனால் லக்கின் வடிவம் செய்தவரைச் சொல்லாது. சொல்வது, செய்தவர் அதை அரத்தால் எவ்வளவு மெலிதாக்கினார் என்பது. ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லக்கின் ஓரத்தைப் பாருங்கள். கடையில் வந்தபடியே பொருத்தியது என்றால் ஓரம் பலகை போல மொத்தமாக நிற்கும். பொறுமைக்காரர் கை பட்டது என்றால் ஓரம் வெற்றிலை நுனி போல மெலிந்து குழாயோடு கரையும். உங்கள் மூன்றாவது படத்தில் மேல்லக்கின் வலப்பக்கமும் இடப்பக்கமும் கொஞ்சம் வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு எனக்குப் பிடித்திருக்கிறது. கையால் வெட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் யார்? ஹெட்சின்ஸ் என்றால் பின்குழாய்கள் நெளிநெளியாக வளைந்திருக்கும், பார்த்தவுடன் தெரியும். லண்டன் பேட்ஸ் சகோதரர்களின் ஃபோர்க் கைகளுக்குத் தனி இரட்டை வளைவு உண்டு. உங்களுடையது இரண்டும் இல்லை. கிளாட் பட்லர், ஹோல்ட்ஸ்வொர்த் தொடங்கி, ஒரே தெருவுக்கு மட்டும் தெரிந்த நூற்றுக்கணக்கான சிறு கடைகள் வரை மீதமிருக்கின்றன. ஒரு பட்டறை செய்ததை இன்னொரு கடை தன் பெயரில் விற்பதும் அங்கே சாதாரணம். பிரிட்டனில் வெட்டரன்-சைக்கிள் கிளப் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. பழைய தயாரிப்பாளர்களுக்குத் தனித்தனி ஆர்வலர்கள் பொறுப்பேற்று எண் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். பென்சில் பிரதி, ஃபோர்க் எண், லக்குகளின் நேர்ப்படம், அளவுகள் எல்லாவற்றையும் ஒன்றாக அனுப்புங்கள். “இது என்ன விலை போகும்” என்று முதல் கடிதத்தில் கேட்காதீர்கள், பதில் வராது.

ஒலிம்பிக் கதைக்கு வருவோம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய சைக்கிள் அணி கலந்துகொண்டது உண்மை. அந்த அணியில் பெரும்பாலோர் பார்சி இளைஞர்கள். அங்கிருந்து தங்கவயலுக்கு ஒரு பாதை போட நிறைய கற்பனை வேண்டும். தாத்தா பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. விற்ற வெள்ளைக்காரர் சொல்லியிருக்கலாம், “ஒலிம்பிக்கில் ஓடுகிற மாதிரி வண்டி” என்பது மூன்று பேர் வாயில் புரண்டு “ஒலிம்பிக்கில் ஓடிய வண்டி” ஆகியிருக்கலாம். கதையை ஒரு தாளில் யார் யாரிடம் கேட்டது என்பதோடு எழுதி வையுங்கள். 1956இல் சுரங்கம் மைசூர் அரசின் கைக்குப் போனது, தாத்தா சொல்லும் காலக்கணக்கு அதோடு பொருந்துகிறது. கதையின் அந்தப் பாதி எனக்கு உறுதியாகவே படுகிறது. வீட்டில் பழைய ரசீது, புகைப்படம் இருக்கிறதா என்று பாட்டியின் டிரங்குப் பெட்டியில் தேடுங்கள்.

கிராங்கின் பின்பக்கம் வில்லியம்ஸ் என்று இருந்தால் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்து இருக்கும், அது ஆண்டுக் குறி. ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் எங்கேனும் கிடைத்தால் அதில் மாதமும் ஆண்டும் நேராகவே அடித்திருப்பார்கள். ஆனால் உதிரிபாகத்தின் வயது ஃபிரேமின் வயதாகிவிடாது. 1957க்குப் பிறகு இறக்குமதி இறுகிய நாட்டில், தேய்ந்தது போனால் கிடைத்ததைப் போட்டுத்தான் ஓட்டினார்கள்.

அடுத்தது பெயின்ட். அந்த அடர்சிவப்பு தாத்தா பூசியதாக இருக்கும் என்பது என் எண்ணம், லக்கின் ஓரங்களில் பிரஷ் கோடு தெரிகிறது. பாட்டம் பிராக்கெட்டுக்கு அருகில், கண்ணில் படாத இடத்தில், 1000ஆம் எண் ஈர உப்புத்தாளால் சுண்டுவிரல் நகம் அளவுக்கு மெல்ல வட்டமாகத் தேயுங்கள். இரும்பு தெரியும் முன் நிறுத்துங்கள். மரத்தின் வளையம் போலச் சிவப்பு, அதன் கீழ் பழுப்பு, அதன் கீழ் மூலநிறம் என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும். கடைசியில் வெள்ளிப் பூச்சின் மேல் கண்ணாடி போன்ற பச்சையோ நீலமோ வந்தால் அது அந்தக் கால ஃப்ளாம்பாயண்ட் பூச்சு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்குழாயை ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். மூல எழுத்துகளை நீக்காமல் மேலே பூசியிருந்தால் அவற்றின் விளிம்பு நிழலாக எழும். என் மஞ்சள் ஃபிரேமில் நான் தொலைத்தது இதைத்தான். தின்னரைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், பழைய எழுத்துகள் ஒரே துடைப்பில் போய்விடும்.

ஓட்ட முடியுமா என்பதற்கு விரலே பதில் சொல்லும். தலைக்குழாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, சாய்குழாயின் அடிப்பக்கத்தை விரல்நுனியால் தடவுங்கள். மோதிய வண்டி என்றால் அங்கே ஒரு சிறு அலை இருக்கும், கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். பிறகு ஒரு நூலைப் பின் அச்சுப் பிளவில் கட்டி, தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்கப் பிளவுக்குக் கொண்டுவந்து இழுத்துக் கட்டுங்கள். இருக்கைக்குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இருபுறமும் அளந்தால் ஃபிரேமின் கோணல் தெரியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு அலட்டிக்கொள்ள வேண்டாம். உள்துருவுக்கு, குழாயில் உள்ள காற்றுத் துளைகள் வழியாக ஒரு ஸ்போக்கை விட்டு நோண்டிப் பாருங்கள். தூள் வந்தால் பரவாயில்லை, செதில் செதிலாக வந்தால் யோசிக்க வேண்டும். சென்னை வீட்டு மாடியில் எழுபது வருடம் கிடந்திருந்தால் எனக்குப் பயம்தான். பெங்களூருக்கும் தங்கவயலுக்கும் கடற்காற்று கிடையாது.

இருக்கைத் தண்டு இறுகியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தண்டு இரும்பா அலுமினியமா என்று காந்தம் வைத்துப் பாருங்கள். எதுவானாலும் ஃபிரேமைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, பாட்டம் பிராக்கெட் வழியாகத் துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் கொஞ்சம் ஊற்றி, இரண்டு வாரம் மறந்துவிடுங்கள். பிறகு தண்டை வைஸில் பிடித்து ஃபிரேமையே நெம்புகோலாக மெல்லத் திருப்புங்கள். முதல் நாளே குழாய் ரெஞ்சு போடுபவர்களை நான் மன்னிப்பதில்லை. வெளித்துருவுக்குக் கல்தரை கழுவ விற்கும் ஆக்சாலிக் அமிலம் போதும், ஒரு வாளி தண்ணீருக்கு நான்கைந்து ஸ்பூன். அது விஷம், கையுறை போடுங்கள், குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ஒரு மூலையில் சோதித்துவிட்டு மிச்ச இடத்தில் போடுங்கள், முடிந்ததும் சோடா மாவு கரைத்த தண்ணீரால் கழுவிக் காயவையுங்கள். கடைசியில் குழாய்களுக்குள் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் புரட்டி வடியவிடுங்கள்.

ஏதாவது ஒட்டு விட்டிருந்தால் வெல்டிங் கடைக்குப் போகவே கூடாது. இது பித்தளை வைத்து ஒட்டிய ஃபிரேம், கிட்டத்தட்ட 900 டிகிரியில் செய்த வேலை. ஆர்க் வெல்டிங் மெல்லிய குழாயைப் பொத்துவிடும். ஜே.சி. ரோடு பக்கம் ரேடியேட்டருக்குப் பித்தளை வைக்கும் பெரியவர்களில் கை பதமானவர்கள் உண்டு. முதலில் ஒரு வெட்டுக்குழாயில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பின்பக்கம் தாத்தா காலத்தில் யாரோ கேரியருக்காக ஒட்டிய இரண்டு முரட்டு வளையங்கள் தெரிகின்றன. அழகில்லைதான். இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் கேட்டால் வெட்டி எறியச் சொல்வார். நான் வைத்துக்கொள்வேன். தங்கவயலில் ஷிஃப்ட் முடிந்து அரிசி மூட்டையோடு வந்த வண்டி அது. அந்த வளையத்தை எடுத்துவிட்டால் ஏலத்தில் விலை ஏறலாம், உங்கள் வீட்டு வண்டி என்பதற்கு ஃபிரேமில் வேறு அடையாளம் இல்லை. சிவப்புப் பூச்சையும் உடனே நீக்க வேண்டாம். கார் பாலிஷ் போட்டு ஒரு வருடம் பாருங்கள். அதற்குள் பெயர் கிடைத்துவிட்டால் என்ன நிறம் என்று அப்போது பேசலாம்.

சக்கரம் வாங்கும் முன் பிரேக் துளையிலிருந்து ரிம் வரையிலான தூரத்தை அளக்க வேண்டும். இந்தக் கால ஃபிரேம் 26 அங்குலம் அல்லது 27 அங்குலம் பிரிட்டிஷ் சக்கரத்துக்குச் செய்ததாக இருக்கும். 27 அங்குலத்தின் ரிம் 630 மில்லிமீட்டர், இன்று கடையில் கிடைக்கும் 700சி 622 மில்லிமீட்டர். ஒரு பக்கத்துக்கு 4 மில்லிமீட்டர்தான் வித்தியாசம், நீண்ட கை உள்ள பிரேக் போட்டால் சமாளித்துவிடலாம். 26 அங்குலத்துக்குச் செய்ததென்றால் 700சி பின்னால் உரசும், அப்போது எனக்கு எழுதுங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நந்தி மலை ஏறிவிடாதீர்கள், இறங்கும்போது பழைய பிரேக்கை நம்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை கப்பன் பூங்காவில் மோட்டார் வண்டிகளை விடமாட்டார்கள், அங்கே நாலு சுற்றுப் போதும். கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின்கள் புதிதாக இருந்தால் முதல் ஓட்டத்திலேயே தளரும். நட்டை முறுக்கி அதை இழுக்க முயலாதீர்கள், மரைதான் போகும். கிராங்கின் கீழே ஒரு இரும்புத் துண்டை முட்டுக் கொடுத்து, பின்னைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அதன் பிறகு நட்டைத் திருகுங்கள். சட்டைப் பையில் உபரியாக இரண்டு பின் இருக்கட்டும்.